மூன்று மணி விசில்

மாத்திரையின் அளவைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கப் போன இடத்தில் ஒரு முகவரியைக் கொடுத்து அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி, இன்ன தெருவில் உள்ள சர்ச் ஹால், தளர்வான உடை அணிந்து வரவும் என்று அச்சடித்த ஒரு சீட்டு. அதன் தலையில் பிரிஸ்கிரிப்ஷன் என்றே போட்டிருந்தது. நான் ஒரு நர்ஸ். வேலூரில் படித்து, பதினான்கு வருடம் அங்கேயே வேலை பார்த்து, நான்கு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் என்ற ஊருக்கு வந்தவள். எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் போனவர் ஊசியோ மாத்திரையோ இல்லாமல் வெளியே வந்தால், வீட்டுக்குப் போகிற வழியிலேயே இன்னொரு டாக்டரைப் பார்த்துவிடுவார். எத்தனையோ பேருக்கு நானே சத்து ஊசி போட்டு மனதைத் தேற்றி அனுப்பியிருக்கிறேன். இங்கே என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான ஒரு டாக்டர், கையையும் காலையும் மெதுவாக அசைத்தால் மனசு கொஞ்சம் சரியாகும் என்று சீட்டு எழுதித் தருகிறார். பஸ்ஸில் திரும்பும்போது அதை நான்காக மடித்துப் பைக்குள் போட்டேன். கிழித்துப் போடத் தெம்பு இல்லை.

அப்போது நான் வேலைக்குப் போகாமல் ஒன்பது வாரம் ஆகியிருந்தது. பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை, அதனால்தான் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. யாரும் சாகவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்கு முதியோர் வார்டில் வேலை. தூக்கி உட்கார வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, எழுதுவது, எழுதியதை மறுபடி இன்னொரு தாளில் எழுதுவது. ஒரு நாள் காலை டியூட்டிக்குக் கிளம்பி, மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினேன். கட்டி முடித்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வரவே மாட்டேன் என்றது. கிடங்கில் ஷிஃப்ட் முடித்துவிட்டு என் கணவர் ஜெபராஜ் வந்து கதவைத் திறந்தபோதும் அதே படியில்தான் இருந்தேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது.

என்னைப் போல வந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். எங்கள் வேலையும் விசாவும் ஒரே நூலில் தைத்தவை. நான்தான் வேலைக்காக வந்தவள். ஜெபராஜும் மகளும் என் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. செப்டம்பர் கடைசியில் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். நான் வேலை செய்யத் தகுதியாகிவிட்டேன் என்று அன்றைக்கு டாக்டர் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். மகள் அடுத்த வருடம் பெரிய பரீட்சை எழுதப் போகிறவள். அந்தப் பயம்தான் செவ்வாய்க்கிழமை காலையில் என்னைக் குளிக்க வைத்து ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

ஆம்பூரில் இருக்கும் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, நைட்டிக்கு மேலேயே ஆஸ்பத்திரியின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, சமையலறையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றுகொள்வேன். இப்போது பிரேக், ஐந்து நிமிடம்தான் பேச முடியும் என்பேன். அம்மா ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடம் தையல் லைனில் உட்கார்ந்து என்னை நர்ஸாக்கியவர். என் பொண்ணு லண்டன்ல நர்ஸ் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார். இது லண்டன் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்து நானும் விட்டுவிட்டேன். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. தம்பி ராணிப்பேட்டையில் இருக்கிறான், மாதத்தில் ஒரு தடவை வந்து போவான். அம்மா வேலையிலிருந்து நின்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைத் தவிர வேறெங்கும் போவதில்லை. எப்போது கூப்பிட்டாலும் அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே தோள்வலி, கடைசியில் அதே கேள்வி, எப்ப வர்ற. அவருக்கு நல்ல சேதி சொல்ல என்னிடம் அந்த நீலச் சட்டை ஒன்றுதான் இருந்தது.

ஹாலில் வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள், சிலர் ஊன்றுகோலோடு. நடத்துகிறவர் பெயர் ஹெலன். தாய் சீ என்ற சீனப் பயிற்சியை உட்கார்ந்தும் செய்கிற மாதிரி எளிதாக்கிச் சொல்லித் தருகிறார். தண்ணீருக்குள் கையை விட்டு அளைவது போல அசைக்க வேண்டும், கை மேலே போகும்போது மூச்சு உள்ளே, கீழே வரும்போது வெளியே, அவ்வளவுதான். நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று சொன்னதும் எல்லார் முகத்திலும் விளக்குப் போட்டாற்போல் ஒரு வெளிச்சம். என் பக்கத்து நாற்காலியில் இருந்த மொரீன் என்ற எழுபத்தெட்டு வயது அம்மாள், அப்படியானால் நீங்கள்தான் எங்களுக்கு யோகா சொல்லித் தர வேண்டும் என்றார். எனக்கு யோகா தெரியாது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையாகவே தெரியாது என்று இன்னொரு முறை சொன்னேன். அடக்கம் இன்னும் கூடியதாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆம்பூரில் நான் ஒன்பதாவது படிக்கும்போது டிரில் வகுப்பில் யோகா ஆரம்பித்தார்கள். அம்மா உடனே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தார்: என் மகள் இதைச் செய்ய மாட்டாள், மன்னிக்கவும். காரணம் எழுதவில்லை. எங்கள் சபையில் அப்போது அதைப் பற்றி ஒரு தயக்கம் இருந்தது, எல்லாருக்கும் தெரியும். டிரில் டீச்சர் நல்லவர், சண்டை போடவில்லை. சரி, நீ கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னு எண்ணு என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் முழுக்க நாற்பது பெண்கள் கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பிடிக்க, நான் வெயிலில் நின்று ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிக்கொண்டிருந்தேன். யோகாவோடு எனக்கு இருக்கும் சொந்தம் அந்த எண்ணிக்கைதான். இதை மொரீனுக்கு எப்படிச் சொல்வது? நோயாளியின் மலச்சிக்கலைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிற என் ஆங்கிலம், இந்த மாதிரி இடங்களில் வாயைத் திறப்பதில்லை.

முதல் செவ்வாய் எரிச்சலோடு போயிற்று. வேலூரில் ஒரே நேரத்தில் நாலு கட்டிலைப் பார்த்தவள், இங்கே காற்றைத் தடவிக்கொண்டிருக்கிறேனே என்று இருந்தது. இரண்டாவது செவ்வாய் கொட்டாவி வந்தது. மூன்றாவது வாரம் ஹெலன் என் பின்னால் வந்து நின்று, உங்கள் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கின்றனவே என்று சொன்னார். கீழே இறக்கிப் பார்த்தேன். அவை அவ்வளவு உயரத்தில் ஏறி நின்றது எனக்கே தெரியாது. எத்தனை மாதமாக அப்படியே தூக்கிவைத்திருந்தேனோ. அன்று வீட்டுக்கு நடக்கும்போது யார் வீட்டிலோ வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. பசித்தது. உடம்பு தானாக ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துத் தெருவிலேயே நின்றுவிட்டேன். நர்ஸாக இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் விழுங்கிய மாத்திரையும் வேலை செய்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பசி செவ்வாய்க்கிழமை வந்தது.

ஐந்தாவது வாரம் ஹெலன் வரவில்லை. காய்ச்சல் என்று மொரீனின் போனுக்குச் செய்தி வந்தது. யாரும் வீட்டுக்குப் போகக் கிளம்பவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்கு வாரத்தில் வெளியே வருவது அந்த ஒரு காலைதான் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. எஸ்தர் செய்து காட்டட்டும் என்றார் மொரீன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மறுக்கவும் தெம்பு வேண்டுமே. எழுந்து நடுவில் போய் நின்றேன். தாய் சீ எனக்கு வரிசையாக நினைவில்லை, யோகா தெரியாது. என் கைகள் தாமாக மேலே போயின. அம்மாவின் கம்பெனி எக்சசைஸ்தான் வந்தது.

அதைச் சொல்ல வேண்டும். அம்மா வேலை பார்த்த கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பார்ட்டி ஒரு தடவை வந்து லைனைச் சுற்றிப் பார்த்தார்களாம். பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே தைக்கிறார்கள், நடுவில் ஒரு முறை எழுந்து கை காலை அசைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தினம் மூன்று மணிக்கு சூப்பர்வைசர் விசில் அடிப்பார். அத்தனை மெஷின்களும் நிற்கும். சுவரில் படம் போட்டு ஒட்டிய அசைவுகளை ஐந்து நிமிடம் செய்ய வேண்டும். டார்கெட் மட்டும் ஒரு பீஸ்கூடக் குறையவில்லை. அதனால் பலருக்கும் அந்த விசில் பேஜார்தான். எழுந்து நின்று கையைப் பாதி தூக்கிவிட்டு, கண்ணால் மீதிப் பீஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அம்மா மட்டும் ஒன்றையும் விடாமல் செய்வார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்ததும், செஞ்சு காட்டும்மா என்று நான் கேட்பேன். அடுப்புக்கு முன்னால் நின்று செய்து காட்டுவார். கம்பெனியின் நீலக் கோட்டும் தலையில் கட்டிய துணியுமாக அவர் கையைத் தூக்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒரு நாள் ரொம்பச் சிரித்துவிட்டேன். அம்மா கையை இறக்காமலேயே சொன்னார்: "சிரி. அந்த அஞ்சு நிமிஷந்தான் எவனும் என்னைக் கூப்புடறதில்ல."

ஹாலில் அதைத்தான் செய்தேன். இரண்டு கையும் மேலே, விரலை மடக்கி விரிப்பது, மணிக்கட்டைச் சுற்றுவது, தோளைப் பின்னால் உருட்டுவது, கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம், இடுப்பில் கைவைத்துப் பின்னால் சாய்வது. எண்ணிக்கை என் வாயில் தமிழில் வந்தது. அவர்களும் ஒண்ணு, ரெண்டு என்று கூடவே சொன்னார்கள். ஆறு ஆனதும் நின்றுவிட்டேன். மொத்தம் எட்டு என்பது நிச்சயமாகத் தெரியும். எட்டாவது கண்ணை மூடி வயிற்றில் கை வைத்து மூச்சு விடுவது, அதுவும் தெரியும். ஏழாவது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதை விட்டுவிட்டு எட்டைச் செய்து முடித்தேன். கண்ணைத் திறந்தபோது பன்னிரண்டு பேரும் கண் மூடியபடியே இருந்தார்கள், யாருக்கும் அவசரம் இல்லை. இது எந்த வகை யோகா என்று ஒருவர் கேட்டார். இது யோகா இல்லை, ஆம்பூர் என்ற ஊரில் ஷூ தைக்கிறவர்கள் செய்வது என்று விளக்கினேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். டீ குடிக்கும்போது அது ஆம்பூர் யோகா ஆகிவிட்டிருந்தது. அம்மாவின் லெட்டரை வாங்கிய டிரில் டீச்சர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அந்த ஏழாவது என்னை விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று, ஒன்றும் யோசிக்காமல் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்ததும், ஏழாவது என்ன என்று கேட்டேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் என் மேலே பார்த்தேன். பழைய சுடிதார், பின்னால் தெரு, செவ்வாய்க்கிழமை பட்டப்பகல். "இன்னைக்கு டூட்டி இல்லியா?" என்றார் அம்மா. படியில் உட்கார்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், செப்டம்பர் கூட்டம் வரைக்கும். இரண்டு பஸ் வந்து போயின. அம்மா அழவில்லை. எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டார். பதினாலு என்றேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றதெல்லாம் என்ன என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்பத்து மூன்று வயதில் அம்மாவுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதை ரோட்டில் போகிற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அம்மாவே ஏழாவதுக்கு வந்தார். அது உனக்குத் தெரிந்திருக்காது, நீ பார்க்கவே இல்லை என்றார். அந்தப் படத்தில் இருந்தது மொத்தம் ஏழுதான். இன்னொன்று இவர்களே சேர்த்துக்கொண்டது. அப்பா வேலை பார்த்த தோல் தொழிற்சாலை மூடிய வருடம் அது. அம்மா ஒரு நாள் மெஷின் பெடலில் காலை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாராம். கால் அழுத்தவில்லை. விசில் அடித்து எல்லாரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. பின் மெஷினில் இருந்த நஜ்மா அக்கா ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு கையாலும் அம்மாவின் தோளைத் தட்ட ஆரம்பித்தார். மாவு சலிக்கும்போது சல்லடையைத் தட்டுவது போல, மெதுவாக, விசில் மறுபடி அடிக்கும்வரை. மறுநாளும் தட்டினார். பிறகு வரிசையில் எல்லாருமே முன்னால் நிற்பவள் தோளைத் தட்ட ஆரம்பித்தார்கள். வீட்டில் அம்மா எனக்குச் செய்து காட்டும்போது அதற்கு மட்டும் என்னைத் திருப்பி நிறுத்தி என் தோளில் தட்டுவார். முதுகுக்குப் பின்னால் நடந்ததை நான் எங்கே பார்த்தேன்? அம்மா சொன்னதும் இரண்டு தோளிலும் அந்த விரல்கள் அப்படியே நினைவுக்கு வந்தன. எனக்கு வந்த நோய் அம்மாவுக்கும் வந்திருக்கிறது, அதற்குப் பெயர்கூடத் தெரியாமல் அவர் பீஸ் தைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று நினைத்தபோது பஸ் நிறுத்தத்திலேயே அழுதேன்.

அடுத்த வாரம் ஹெலன் வந்துவிட்டார். நடந்ததைக் கேள்விப்பட்டு, என்னை முழுசாகச் செய்து காட்டச் சொன்னார். ஏழாவது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். தொடுவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் அனுமதி கேட்க வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆம்பூரில் கேட்டுவிட்டுத் தோளில் கை வைத்தால், இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். ஆனால் வட்டம் முழுக்க ஒவ்வொருவரும் தணிந்த குரலில், உங்கள் தோளைத் தொடலாமா என்று கேட்டு, தொடலாம் என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு கை வைத்ததைப் பார்த்தபோது, இதுவும் ஒரு மரியாதைதான் என்று தோன்றியது. நான் மொரீனுக்குத் தட்டினேன். துணிக்குக் கீழே எலும்புதான் இருந்தது. டீ நேரத்தில் அவர் சொன்னார், அவரும் ஷூ ஃபேக்டரியில் ஷூவின் மேல்பாகம் தைத்தவர், முப்பது வருடம். இந்த ஊரே ஒரு காலத்தில் ஷூ ஊர்தானாம். பிறகு ஃபேக்டரியை மூடினார்கள், வேலை உங்கள் பக்கம் போய்விட்டது என்றார். குறை சொல்கிறார் என்று நினைத்து, மன்னிக்க வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் விழித்தார். பிறகு, உங்கள் அம்மாவுக்கு முதுகு சாய்கிற ஸ்டூல் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எங்களுக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

அம்மாவையும் தினம் செய்யச் சொன்னேன். விசில் அடிக்க யார் இருக்கிறார்கள் என்றார். இங்கே கோடையில் காலை பத்தரை என்றால் அங்கே சரியாக மதியம் மூன்று மணி. அதனால் செவ்வாய்தோறும் ஹாலின் ஜன்னல் விளிம்பில் போனை நிறுத்தி அம்மாவைக் கூப்பிடுவேன். அங்கே அவர் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவிட்டு எழுந்து நிற்பார். எதிரில் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவதைப் பார்த்து முதலில் அவருக்குக் கூச்சம். தாய் சீ பற்றியும் விசாரித்தார். "அது இன்னா சாமி?" என்றார். சாமி ஒன்றும் இல்லை, தண்ணீரில் கை அளைவது மாதிரிதான் என்றேன். ஏழாவதுக்குத் தோள் வேண்டுமே, அதைத் தனியாகச் செய்ய முடியாது. இரண்டாவது வாரம் மூன்று தெரு தள்ளியிருக்கும் நஜ்மா அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவின் அடக்கத்துக்கு வந்ததுதான், அதன் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லையாம். நஜ்மா அக்கா வந்தார், அம்மாவின் தோளைத் தட்டினார், ரொம்ப இளைச்சிட்டே என்று வைதார், டீ குடித்துவிட்டு ஆறு மணிக்குத்தான் போனார். பிறகு செவ்வாய் இல்லாத நாளிலும் அம்மா நஜ்மா அக்கா வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார். கறிக்காரனைத் திட்டினார், பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திட்டினார், வீடியோவில் பார்த்து என் சமையலைத் திட்டினார். திட்டு வந்துவிட்டது என்றால் அம்மாவுக்கு உடம்பு தேறுகிறது என்று அர்த்தம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், கையைத் தூக்கினால் எல்லாம் போய்விடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எல்லாம் போகவில்லை. இன்றைக்கும் சில காலைகளில் அந்தப் படி என்னைக் கீழே இழுக்கிறது. வார்டில் ஆள் பற்றாக்குறை அப்படியேதான் இருக்கிறது, விசா அப்படியேதான் இருக்கிறது, அம்மா அங்கேதான் இருக்கிறார். பத்துப் பங்கு பாரத்தில் இரண்டு பங்கு குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு பங்கில்தான் தலைமுடியைக் கழுவ முடிந்தது, மகளோடு உட்கார்ந்து சாப்பிட முடிந்தது, ஜெபராஜ் சொன்ன ஒரு சின்ன ஜோக்குக்குச் சிரிக்க முடிந்தது. நான் சிரித்ததை அவர் இரண்டு நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் கடைசியில் கூட்டம் நடந்தது. டாக்டர் எழுதித் தந்துவிட்டார்: வேலைக்குத் தகுதி, முதலில் வாரத்தில் மூன்று அரை நாள், பிறகு படிப்படியாகக் கூட்டலாம். வார்டு மேனேஜர் கைகொடுத்தார். ஜெபராஜ் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அங்கிருந்தே அம்மாவுக்குச் சொன்னேன். நல்லது என்றார். கரண்ட் போகப் போகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் அவராகக் கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. மூன்றாவது நாள் கூப்பிட்டார். வீடியோ இல்லை, வெறும் குரல்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத" என்றார். "நீ தேறக்கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டேன்."

அம்மாவே தொடர்ந்தார். "வேல போனா இங்க வந்துடுவியேன்னு. ஒரு நாள் இல்ல, தெனமும்தான். செவ்வாக்கெழம உங்கூட சேந்து கையத் தூக்குவேன். சாயந்தரம் முட்டி போட்டு இதக் கேப்பேன். தப்புன்னு தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இந்தக் கோடை முழுக்க நான் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறேன், என்னைப் பெற்றவள் கீழே நின்று நழுவட்டும் என்று கேட்டிருக்கிறாள். போனை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் அந்தக் கோபத்தை மீறிக்கொண்டு ஒரு வெட்கம் வந்தது. இத்தனை வாரத்தில் ஊர் திரும்புவதை நான் ஒரு தண்டனையாகத்தான் நினைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தத் திரும்புகிற இடத்தில் அம்மா என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது என் கணக்கிலேயே வரவில்லை. பரவாயில்லை விடும்மா என்றேன். போனில், அங்கே தெருவில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, எதற்காக என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஆராதனையின் கடைசியில் ஆயர் அதைச் சபையாருக்கு முன்னால் படித்து ஜெபிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் காணிக்கை வைத்தாராம். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சீட்டில் முதல் வரி, மகள் எஸ்தர் சுகமடைந்து வேலைக்குத் திரும்பியதற்காக ஸ்தோத்திரம். அதன் கீழேயே இரண்டாவது வரி, மகள் எஸ்தர் சீக்கிரம் ஊர் வந்து சேர விண்ணப்பம். ஆயர் நடுவில் நிறுத்தாமல் இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிட்டாராம். சபை மொத்தமும் ஆமென் சொன்னதாம். எதற்குச் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ரெண்டுக்குந்தான்" என்றார் அம்மா.

வெளியே ஜெபராஜ் காரில் காத்திருந்தார், எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நானும் ஆமென் என்றேன். இரண்டுக்கும்தான்.